கிர்ணியில் பேசிய தமிழ்

புணேயில் வாழும் தமிழர்களுக்கு, சென்னைக்காரர்களுக்கு வாய்க்காத ஒரு சௌகரியம் உண்டு. யாரைப் பற்றி வேண்டுமானாலும், அவர் எதிரிலேயே நின்றுகொண்டு, சத்தமாகப் பேசலாம். புடவைக் கடையில் கடைக்காரர் முந்தானையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, “இது ஒரு தண்ணிக்குத் தாங்காது, எந்திரி” என்று புன்னகையோடு சொல்லலாம். பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “இவன் கையைப் பாத்தாலே பயமா இருக்கு” என்று மனைவியிடம் அறிவித்துவிட்டு, அதன் பிறகு வாயைத் திறந்து காட்டலாம்.

இதற்குக் கொஞ்சம் பயிற்சி தேவை. முகத்தில் சிரிப்பு மாறக்கூடாது. கையால் எதையும் சுட்டக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், மராத்திக்காரருக்கும் பிடிபடக்கூடிய சொற்களை அண்டவிடக்கூடாது. ‘ரேட் ஜாஸ்தி’ என்றால் கடைக்காரர் நிமிர்ந்து பார்ப்பார். ‘விலை கூட’ என்றால் பார்க்கமாட்டார். ‘மூர்க்கன்’ மாட்டிக்கொள்ளும், ‘முரடன்’ தப்பித்துவிடும். தனித்தமிழ் இயக்கம் தமிழ்நாட்டில் எந்த அளவுக்கு வென்றது என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். சாங்வியின் காய்கறிச் சந்தையில் அதற்கு முழு வெற்றி. வெளியூரில் இருப்பவனுக்குத் தாய்மொழி என்பது சாவியுள்ள பீரோ. உள்ளே எதை வேண்டுமானாலும் போட்டுப் பூட்டலாம்.

நாங்கள் இருப்பது பழைய சாங்வியில், ஆற்றை நோக்கிச் சரிந்து போகும் ஒரு தெருவில். அப்பா பிம்ப்ரி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வாங்கிய ஃப்ளாட். அப்போதெல்லாம் எல்லோரும் அவுந்தில் வீடு பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், பேசாமல் பாலத்தைத் தாண்டி வந்து சாங்வியில் வாங்குவார்கள். பிறகு ஆயுசு முழுக்க ‘அவுந்துக்குப் பக்கத்தில்’ என்று சொல்லிக்கொள்வார்கள். அப்பா அப்படித்தான் சொன்னார். நானும் வேலை பார்க்கும் வங்கியில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தெருமுனையில் பால்கடை. அதை ஒட்டி இஸ்திரிக்காரர். எதிரே ஒரு மருந்துக் கடை, ஒரு டீக்கடை, அதற்கு அடுத்தது கிர்ணி. மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை மருந்துக் கடையைத் தவிர எல்லாவற்றுக்கும் ஷட்டர் இறங்கிவிடும். மதியத் தூக்கம் புணேக்காரரின் பிறப்புரிமை. அந்த நேரத்தில் கதவைத் தட்டுகிற வாடிக்கையாளர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

கிர்ணி என்றால் மாவு மில். பாக்கெட் மாவு வாங்கும் குடும்பத்தை எங்கள் தெரு சற்று இரக்கத்தோடு பார்க்கும். கோதுமையை டப்பாவில் கொட்டி, மூடியின் மேல் மார்க்கரால் போன் நம்பரை எழுதி, கிர்ணியில் வரிசையில் வைப்பதுதான் கௌரவம். அங்கே சட்டதிட்டங்கள் உண்டு. கோதுமை ஓடிக்கொண்டிருக்கும் கல்லில் அரிசி விழக்கூடாது. மிளகாய், வார விடுமுறைக்கு முந்தின நாள் மாலையில் மட்டும். இடியாப்ப மாவு, கொழுக்கட்டை மாவு என்று நம்மவர்கள் கேட்கும் விசேஷப் பதங்களுக்கெல்லாம் பொதுவான பதில், “பார்க்கலாம்.”

இந்தச் சட்டங்களை அமல்படுத்தியவர் ஒரு பெண்மணி. என்னைவிடச் சில வயது இளையவர். பச்சைக் கண்ணாடி வளையல், கருகமணித் தாலி, தெளிந்த மராத்தி. கிர்ணி மாமியார் வழியாக வந்தது. கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். கிர்ணியைப் பொறுத்தவரை முதலாளி, தொழிலாளி இரண்டுமே அவர்தான். தலையிலிருந்து கால் வரைக்கும் மாவு. இமைகூட வெள்ளை.

முதல் தடவை நானும் மனைவியும் ஊறவைத்து உலர்த்திய அரிசியை எடுத்துக்கொண்டு போனோம். கோதுமை ஓடுகிறது, நாளைக்கு வாருங்கள் என்று மராத்தியில் சொன்னார். நாங்கள் தமிழில் எங்களுக்குள் ஏதோ பேசிக்கொள்ள ஆரம்பித்ததும் சட்டென்று திரும்பி எங்களைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து நான் மனைவியிடம், சிரிப்பு மாறாமல், விதிகளை எல்லாம் சரியாகக் கடைப்பிடித்து, “குழாயிலேருந்து தள்ளுன புட்டு மாதிரி நிக்கா பாரு. இன்னும் வேகல” என்றேன்.

மனைவி சிரித்துவிட்டாள். நான் சொல்லி அவள் சிரிப்பது அபூர்வம். ஆகவே அந்த வாக்கியத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் ‘புட்டு’. “புட்டு கடை திறந்தாச்சா?” “புட்டு இன்னிக்குக் கோவமா இருக்கா.” தமிழைச் சப்டைட்டில் இல்லாமல் புரிந்துகொள்ளாத எங்கள் மகள்கூட, ஹாஸ்டலிலிருந்து பேசும்போது புட்டைத் தவறாமல் விசாரிப்பாள். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்த தமிழில் நிலைத்தது அது ஒன்றுதான். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கெல்லாம் ‘அவள்’தான்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா பாளையங்கோட்டையில் கழுத்தை நீட்டிவிட்டு நேராகப் புணேயில் வந்து இறங்கியவள். இந்தியையும் மராத்தியையும் சந்தையில் கற்றாள். இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. திருநெல்வேலி ராகத்தில் மராத்தியைப் பேசினாள், காய்கறிக்காரர்கள் அடங்கிப்போனார்கள். அப்பா போன பிறகும் அவள் தனியாக பஸ் ஏறிப் பிம்ப்ரி மார்க்கெட்டுக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தாள்.

பிறகு மறதி வந்தது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அம்மா அதையும் மறந்துவிட்டாள். முதலில் போனது மராத்தி. பிறகு இந்தி. கல்யாண வீட்டில் கடைசியாக வந்த விருந்தாளிகள் முதலில் கிளம்புகிற மாதிரி, ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு போயின. மிஞ்சியது தமிழ், அதிலும் கல்யாணத்துக்கு முந்திய பாளையங்கோட்டைத் தமிழ்.

நான் வங்கிக்கும் மனைவி பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டியவர்கள். காலையில் அவள், சாயங்காலம் நான் என்று எப்படியோ பங்கிட்டுக்கொண்டோம். நடுப்பகல்தான் ஓட்டை. அதை அடைக்க ஏஜென்சியிலிருந்து பெண்கள் வந்தார்கள். நல்லவர்கள்தான். “ஆஜி, ஜேவா” என்று கனிவாகத்தான் சாப்பிடக் கூப்பிட்டார்கள். ஆனால் அம்மாவுக்கு, யாரோ வீட்டுக்குள் புகுந்து புரியாத பாஷையில் மிரட்டுவதாகப் பட்டது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றுகொள்வாள். மாலையில் நான் வரும்போதும் அங்கேயேதான் நிற்பாள். ஒரு பெண் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள். அடுத்தவள் கோபித்துக்கொண்டு போனாள்.

தமிழ் பேசுகிற ஒரு பெண் வேண்டும். இவ்வளவு பெரிய புணேயில் ஒரே ஒரு பெண். கோவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். வாட்ஸப் குழுக்களில் போட்டேன்; கை கூப்பிய படங்கள் நிறைய வந்தன. தேஹு ரோட்டில் ராணுவ டெப்போ வந்த நாளிலிருந்தே தமிழ்க் குடும்பங்கள் உண்டு, அங்கே விசாரித்தால் கட்டாயம் கிடைக்கும் என்றார்கள். ஒரு சனிக்கிழமை முழுக்க அங்கே போய் ஸ்டேஷன் பக்கம் ஷேர் ஆட்டோக்காரர்களிடம்கூட விசாரித்தேன். எல்லோரும் நன்றாகத் தமிழ் பேசினார்கள். ஒருவருக்கும் சாங்வி வரைக்கும் வர விருப்பமில்லை. கோந்த்வாவிலிருந்து ஒரு அம்மா வந்தார். கோந்த்வாவிலிருந்து சாங்விக்கு வந்துபோவது ஒரு வேலை. நடுவில் அம்மாவைப் பார்த்துக்கொள்வது இன்னொரு வேலை. முதல் வேலையிலேயே அவர் களைத்துவிட்டார்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி, தன் வீட்டருகே ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துவைத்திருந்தான். சுத்தமான இடம், சுற்றிலும் தமிழ்தான் பேசுவார்கள், ஓர் அறை காலியாகிறது, மாசக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றான். ஏன் உன் வீடு ஆகாதா என்று நான் கேட்கவில்லை. உன் வீடு ஏன் ஆகவில்லை என்று அவன் திருப்பிக் கேட்டுவிடுவானோ என்ற பயம்தான்.

இதையெல்லாம் நானும் மனைவியும் எங்கே உட்கார்ந்து பேசுவது? வீட்டில் அம்மா இருக்கிறாள். மற்றதெல்லாம் போனாலும் காது போகவில்லை. லிஃப்டில் பேசலாம் என்றால் மூன்றாவது மாடியில் ஒரு மலையாளி குடும்பம் இருக்கிறது. அவர்களுக்குப் பாதி புரியும், மீதியை ஊகித்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில், பால்கடைக்காரரின் மனைவி சிறிது நேரம் அம்மாவோடு டிவி பார்க்க வருவார். அந்த நேரத்தில் நாங்கள் கோதுமை டப்பாவைத் தூக்கிக்கொண்டு கிர்ணிக்குப் போவோம். இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. ஆகவே கத்திப் பேசினோம். எங்கள் குடும்பத்தின் மந்திராலோசனை மண்டபம் அதுதான். தம்பியின் சாமர்த்தியம், அவன் மனைவியின் தந்திரம், என் மனைவியின் லீவுக் கணக்கு, அம்மா ஈரமாக்கிய மெத்தை எல்லாம் அங்கே கோதுமையோடு சேர்ந்து அரைபட்டன. கிர்ணிக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி மாவை டப்பாவில் தட்டிக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த இல்லத்தைப் பற்றித்தான் பேச்சு. மனைவி வேண்டாம் என்றாள். புது இடத்தில் முழிச்சா அத்தை யாரைத் தேடுவாங்க என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியாத கேள்விகள் வந்தால் குரல் உயர்ந்துவிடும். இயந்திரச் சத்தத்துக்கு மேலே அதை இன்னும் உயர்த்தி, “இப்ப இருக்கது யாரு வீடுன்னே அவளுக்குத் தெரியல. எங்க கொண்டு விட்டாலும் ஒண்ணுதான்” என்றேன்.

பாதி வாக்கியத்தில் இயந்திரம் நின்றுவிட்டது. ‘எங்க கொண்டு விட்டாலும் ஒண்ணுதான்’ என்பது மட்டும் அந்தச் சின்ன இடத்தில், கோவில் ஒலிபெருக்கி மாதிரி, தனியாக ஒலித்தது. கிர்ணிக்காரர் எங்களைப் பார்க்காமலேயே மராத்தியில் கரண்ட் போய்விட்டது என்றார். புணேயில் பராமரிப்புக்காகக் கரண்ட் போவது வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமையும் ஆரம்பித்துவிட்டார்களா என்று நான் மனைவியிடம் கிண்டலடித்தேன். எங்கள் தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தக் காற்றை வாங்கிக்கொண்டேதான் அந்தக் கிண்டலை அடித்தேன். அன்றாட வாழ்க்கையை உற்றுக் கவனித்து எழுதுகிறவன் என்று என்னைப் பற்றிச் சொல்லப்பட்டதுண்டு. பெரும்பாலும் நான்தான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் மனைவி லீவு போட்டு வீட்டில் இருந்தாள். மதியம் அம்மா தூங்கியதும், மாத்திரை வாங்க எதிரே மருந்துக் கடைக்கு இறங்கினாள். அங்கே அந்த மாத்திரை இல்லை; மெயின் ரோட்டுக் கடை வரைக்கும் நடந்தாள். திரும்பி வந்தபோது கதவு திறந்து கிடந்தது, கட்டில் காலி. எனக்குப் போன் செய்து, அழுகைக்கு நடுவில் “அத்தையக் காணோம்” என்றாள். மேலாளரிடம் சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை, ஸ்கூட்டரை எடுத்துவிட்டேன். ஆற்றைப் பற்றி நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே வந்தேன். எங்கள் தெரு ஆற்றை நோக்கித்தான் சரிகிறது.

அவுந்து சிக்னலில் நிற்கும்போது மறுபடி போன் அடித்தது. தெரியாத நம்பர்.

“அம்மா எங்க கிர்ணிலதான் கீறாங்க. மெதுவா வாங்க, அவசரமில்ல,” என்றது ஒரு பெண் குரல். தமிழில்.

நீங்கள் யார் என்று கேட்டேன்.

“புட்டு பேசறேன்.”

சிக்னல் பச்சையாகி, மறுபடி சிவப்பானது. பின்னால் நின்றவர்கள் என்னைப் பற்றி மராத்தியில் சொன்னதெல்லாம் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. அவர்களுக்கு அதில் எந்தக் கூச்சமும் இருக்கவில்லை. அம்மா கிடைத்துவிட்டாள் என்ற நிம்மதி முதலில் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது புட்டு. பிறகுதான் நிம்மதி. அதன் பின்னாலேயே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வரிசையில் வந்தது, மூடிமேல் என் நம்பரை எழுதிய டப்பாக்கள் மாதிரி. பாலத்தைத் தாண்டும்போது மின்விசிறி ஞாபகம் வந்தது.

கிர்ணி ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது, பொருத்தமாகத்தான் இருந்தது. மனைவி எனக்கு முன்பே வந்து தராசுக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தாள். தலையில், தோளில், புருவத்தில் எல்லாம் மாவு.

நடந்தது இதுதான். அம்மா தெருவில் இறங்கிப் பாளையங்கோட்டை பஸ் எங்கே நிற்கும் என்று எல்லோரையும் கேட்டிருக்கிறாள். டீக்கடைப் பெஞ்சில் படுத்திருந்தவர் கோவிலுக்கு வழி சொல்லியிருக்கிறார். இஸ்திரிக்காரர் ஆஸ்பத்திரிக்கு. ஆளாளுக்குக் கையைப் பிடிக்க, அம்மா பயந்து கூச்சல் போட்டிருக்கிறாள். ஷட்டருக்குள்ளே தரையைக் கூட்டிக்கொண்டிருந்த கிர்ணிக்காரர் வெளியே தலையை நீட்டி, “பஸ்சு வரட்டும்மா, வெயில்ல நிக்காத, உள்ள வந்து குந்து” என்றிருக்கிறார். அம்மா உடனே கூச்சலை நிறுத்திவிட்டு, “எத்தன மணிக்கு வரும்?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்துவிட்டாளாம்.

“வந்துட்டியாய்யா,” என்றாள் அம்மா என்னைப் பார்த்து. “இந்தப் பிள்ளைக்குப் பேச்சுதான் ஒரு மாதிரி இருக்கு. ஆனா நல்ல பிள்ள.”

“ஒங்க ஊரு பேச்சுதாம்மா ஒரு மாதிரி கீது,” என்றார் கிர்ணிக்காரர்.

அவருடைய அப்பா வேலூர்ப் பக்கம். தேஹு ரோடு டெப்போவில் வேலை செய்து, அங்கேயே குடியிருந்து, அங்கேயே இறந்தவர். கூடப் படித்த மராத்திப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு இவர் சாங்விக்கு வந்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க நான் தேஹு ரோட்டில் தேடி அலைந்த ஆள், எங்கள் வீட்டுப் பால்கனியிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. அவரை நான் எப்போதும் மராத்தியில் ‘வஹினி’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்; அண்ணி என்று அர்த்தம், தெருவில் எல்லோருக்கும் பொருந்துவது. தமிழில் அவருக்கு நான் வைத்திருந்தது ஒரே ஒரு பெயர். ஆகவே மராத்தியிலேயே, “வஹினி, மாஃப் கரா” என்று ஆரம்பித்தேன்.

“தமிழ்லயே சொல்லுங்க,” என்றார். “அதான் நல்லா பேசுவீங்களே.”

தமிழில் ஏதோ சொன்னேன். விளையாட்டாக வைத்த பெயர், தப்பாக எண்ண வேண்டாம் என்கிற மாதிரி. நான் எழுதியவற்றிலேயே மோசமான வாக்கியம் இதைவிடத் தேவலை.

“புட்டுக்கு இன்னா, நல்ல பலகாரந்தானே. எம்மாமியார் வெச்ச பேருக்கு இது எவ்ளோவோ தேவல.”

மனைவிக்கு மனம் ஆறவில்லை. இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை, முதல் நாளே சொல்லியிருந்தால் நாங்கள் வாயை மூடிக்கொண்டிருப்போமே என்று கேட்டாள்.

“மூடிக்குவீங்கன்னுதான் சொல்லல,” என்றார். “மொத நாளு கேக்கலாம்னுதான் திரும்பினேன், எந்த ஊருன்னு. அதுக்குள்ள சார் புட்டுன்னுட்டாரு. அப்புறம் எப்படிச் சொல்றது? சொன்னா கஸ்டமரும் போய்டும், தமிழும் போய்டும். எங்க ஊட்ல ஒருத்தருக்கும் தமிழ் வராது. எங்கம்மா இருந்தவரைக்கும் டெய்லி போன் பண்ணும். அது போனப்புறம் யாரு? ஞாயித்துக்கெழம ஆனா நீங்க ரெண்டு பேரும் வருவீங்க. திட்டுவீங்க, சண்ட போடுவீங்க. கேக்க நல்லா இருக்கும்.”

மனைவி அம்மாவின் தலையிலிருந்த மாவைத் தட்டிவிடப் போனாள். அவள் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், கிர்ணிக்காரர் குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னார்:

“அன்னிக்கு கரண்டு போவல. நான்தான் நிறுத்தினேன்.”

புட்டு என்றதை அவர் சிரிப்பாக எடுத்துக்கொண்டார்; இதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு இன்னொரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து மதியத்தில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று மனைவிதான் கேட்டாள். எனக்குக் கேட்க வாயில்லை.

“உங்க ஊட்டுக்கெல்லாம் நான் வரமாட்டேன். எனக்குக் கட கீது,” என்றார். “ஒரு மணிக்கு ஷட்டர் எறக்குவேன். அம்மாவ இங்க கொண்டாந்து விடுங்க. நாலு மணிக்குக் கூட்டிகினு போங்க. தூங்கறதுன்னா ஒரு பாய் போட்டாப் போச்சி.”

பதிலுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வங்கியில் இருந்து இருந்து எதையும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சரிசெய்யாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

“ஞாயித்துக்கெழம வந்து முன்ன மாரி பேசுங்க. அவ்ளோதான்.”

அன்று மாலை தம்பிக்குப் போன் செய்து, அறை வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். ஆள் எங்கே கிடைத்தது என்று கேட்டான். நம் தெருவிலேயே என்றேன். எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறார் என்று கேட்டான். கல்யாணமாகி வந்ததிலிருந்தே என்றேன்.

“நீதான அண்ணே தெருவப் பத்தியெல்லாம் எழுதுவ?” என்றான்.

அம்மா இப்போது தினமும் ஒரு மணிக்குக் கிளம்பத் தயாராகிவிடுகிறாள். கொண்டுவிடுவது மனைவி; நான்கு மணிக்குக் கூட்டிவந்து நான் வரும் வரை கூட இருப்பது பால்கடைக்காரரின் மனைவி. எங்கே போகிறாள் என்பது பற்றி அம்மாவுக்கு ஒவ்வொரு நாளும் ஓர் அபிப்பிராயம். சில நாள் கிர்ணி அவளுக்கு பஸ் ஸ்டாண்டு, சில நாள் அவள் அத்தை வீடு. யாருடைய இடம் என்று தெரியாவிட்டாலும் அங்கே போவதில் அவளுக்கு விருப்பம் இருக்கிறது. மாவு படியும் என்பதற்காக நல்ல புடவையைத் தவிர்க்கச் சொன்னால் கேட்பதில்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இப்போது யாரும் நிற்பதில்லை. எங்கே விட்டாலும் ஒன்றில்லை என்று எனக்கு நிரூபித்துக்கொண்டே இருக்கிறாள்.

நாங்கள்தான் எங்கள் பங்கைச் செலுத்த முடியாமல் திணறுகிறோம். ஞாயிற்றுக்கிழமை டப்பாவோடு போகிறோம். இயந்திரம் ஓடுகிறது. கிர்ணிக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். நான் மனைவியிடம், “வெயில் இந்த வருஷம் கூடத்தான்” என்கிறேன். அவள், “ஆமா, கூடத்தான்” என்கிறாள். பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் மறந்த இரண்டு பேர் மாதிரி நிற்கிறோம். தம்பியைத் திட்டலாம் என்று ஒருமுறை வாயெடுத்தேன். திட்டுவதற்கு அவனிடம் இருந்ததெல்லாம் என்னிடமும் இருந்தது தெரிந்தபோது, அதுவும் அடைத்துக்கொண்டது. புடவைக் கடையிலும் பல் டாக்டரிடமும்கூட இப்போது பேச்சு வருவதில்லை. பாதி வாக்கியத்தில், யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறேன்.

“இன்னா சார், வாயில மாவா?” என்கிறார் கிர்ணிக்காரர்.

போன வாரம் ஒரு நாள் வங்கியிலிருந்து சீக்கிரம் கிளம்பி, அம்மாவைக் கூட்டிவர நானே போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அம்மாவின் குரல் கேட்டது. அன்று அவளுக்குத் தெளிவான நாள் போலிருக்கிறது.

“எம்மவன் இங்க வருவானா தாயி?”

“வருவாரே. ஞாயித்துக்கெழம தவறாம வருவாரு.”

“என்னையப் பத்தி எதும் சொல்லுவானா?”

நான் குனியப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் என் ஷூ தெரிந்திருக்கும். அதை அவர் பார்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அடுத்து அவர் பேசியது, இயந்திரம் ஓடும்போது பேசுகிற மாதிரி, தேவைக்கு அதிகமான சத்தத்தில் இருந்தது.

“சொல்லுவாரே. எங்கம்மா எங்கூடத்தான் இருக்கணும், வேற எங்கியும் கொண்டுபோய் வுடமாட்டேன்னு இங்க நின்னு கத்துவாரு. மெஷினு சத்தத்துக்கு மேல கேக்கும்.”

“அவன் சின்னதுலயே அப்படித்தான்,” என்றாள் அம்மா. “வாய்தான் கொஞ்சம் துடுக்கு.”

“அது எனக்குத் தெரியும்,” என்றார் கிர்ணிக்காரர்.

அங்கேயே நிற்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. பக்கத்தில் டீக்கடையின் ஷட்டர் கடகடவென்று ஏறியது. இஸ்திரிக்காரர் பெட்டிக்குக் கரி போட ஆரம்பித்திருந்தார். மணி நான்காகிவிட்டது, டப்பாக்களோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். குனிந்து உள்ளே போனேன்.